பிஸ்கட் டின்னில் நான் செய்த லீவர் பெட்டி

ஒரு லீவர் பெட்டி, பிஸ்கட் டின்னில் செய்தது. ஒரு ஞாபகச் சோதனை உருளை, பால்பவுடர் டின்னையும் பழைய சுவர்க்கடிகாரத்தின் பல்சக்கரத்தையும் சேர்த்தது. கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பலகை. முடிதிருத்தும் கடையில் விரிசல் விட்டதென்று கழித்த கண்ணாடியில் நல்ல பாகத்தை அறுத்து எடுத்தேன். ஏழு நிறமும் கலந்து வெள்ளையாகத் தெரியும் சக்கரம். செத்துப்போன டேபிள் ஃபேனுக்கு உயிர் கொடுத்து அதன் தலையில் மாட்டினேன். எலி ஓட ஒன்பது சந்து வைத்த மரப்பாதை. இவ்வளவும் செய்தவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். முக்கூடலில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியவன். ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு குறடு, ஒரு அரம், இதற்கு மேல் ஆயுதம் கிடையாது. அந்த ஆள் நான்தான். பெயர் பேச்சிமுத்து.

போன மாதம் கல்லூரியிலிருந்து ஆயிஷா மேடம் போன் பண்ணினார். மனோதத்துவத் துறைக்கு இப்போது அவர்தான் தலைவர். தொண்ணூறுகளில் அதே துறையில் பி.ஏ. படித்த மேலப்பாளையத்துப் பிள்ளை.

"அண்ணாச்சி, இப்ப எலியெல்லாம் கிடையாது. கம்ப்யூட்டர் திரையிலயே எலி வருது. பிள்ளையள் பட்டனைத் தட்டித் தட்டி அதைப் பழக்குதாங்க. துறை மலர் ஒண்ணு போடுதோம். அப்ப நீங்க எப்படிப் பழக்குனீங்கன்னு எழுதித் தாங்களேன்" என்றார்.

திரைக்குள் எலியா! அதற்கு வாசனை உண்டா? பசி உண்டா? கடிக்குமா? என் வலது கட்டைவிரலில் இரண்டு பல் தடம் இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கே நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எழுத்துப்பிழை இருந்தால் மேடம் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தில் கை வைக்கக் கூடாது.

வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பாளையங்கோட்டையில் கல்லூரி வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். ஒருநாள் முதல்வரின் ஸ்கூட்டர் மக்கர் பண்ண, வாசலிலேயே பிரித்துப் பூட்டிக் கொடுத்தேன். மறுவாரமே பௌதிக ஆய்வகத்துக்கு உதவியாளனாக மாற்றினார்கள். அங்கே மூன்று வருஷம் கம்பி சுற்றினேன். பிறகு மனோதத்துவம் என்று புதுத்துறை ஆரம்பித்தார்கள். "அங்கே யாரும் போக மாட்டேங்கிறாங்க, நீ போறியா?" என்று கேட்டார்கள். போனேன். சைக்கிள் ஷெட்டை ஒட்டி ஒரு அறை, ஒரு மர அலமாரி, நாற்பது பிள்ளைகள், ஒரு பேராசிரியர். கருவி என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

அந்தப் பேராசிரியர் சங்கரலிங்கம் சார். அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப்வாட்ச். மற்ற வாத்தியார்கள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார்கள். இவர் ஒரு நீள நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போவார். எலியைத் தொடமாட்டார். "நான் முட்டையே தொடாதவன் வே. நீரு தூக்கும், நான் எழுதுதேன்" என்பார். நான் தூக்குவேன், அவர் எழுதுவார். மணி இத்தனை, எடை இத்தனை, வாலைத் தூக்கி நின்றதா, மூக்கை ஆட்டியதா, ஒன்று விடமாட்டார். "நல்லா செஞ்சீரு" என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. சரியாகச் செய்தாலும் "இன்னொரு தடவை." தப்பாகச் செய்தாலும் "இன்னொரு தடவை." முதல் ஆறு மாதம் எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகுதான் புரிந்தது. ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்று நினைக்கிற மனுஷன் அவர். பத்து தடவை நடந்தால்தான் நோட்டில் கோடு போடுவார்.

வகுப்பில் படம் தொங்கவிடவும் பெட்டி தூக்கவும் என்னையும் கூட்டிப் போவார். வேலை முடிந்ததும் நான் வெளியே போகலாம். போகமாட்டேன். சுவரோரம் நின்றுகொள்வேன். அப்படி நின்றபோதுதான் அந்தப் பாடம் என் காதில் விழுந்தது. ருஷ்யாவில் ஒருத்தர், நாய்க்குச் சோறு போடும்போதெல்லாம் மணி அடித்தாராம். நாள் ஆக ஆக, சோறு இல்லாமல் மணி மட்டும் அடித்தாலும் நாய்க்கு எச்சில் ஊறியதாம். இதற்குப் பழமை ஆக்கநிலையிறுத்தம் என்று பெயர்.

சார் வகுப்பைப் பார்த்து, "நம்ம ஊருல இப்படி ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றார். பிள்ளைகள் முழித்தார்கள். எனக்கு நாக்கு நுனியில் நிற்கிறது. கையைத் தூக்கிவிட்டேன். வகுப்பே சிரித்தது.

"என்ன வே?" என்றார் சார்.

"சார், எங்க தெருவுல மீன்காரர் ஒருத்தர் சைக்கிள்ல வருவாரு. பாம் பாம்னு ஹாரன் அடிச்சாப் போதும், ஊர்ப்பட்ட பூனை வந்து வால் தூக்கி நிக்கும். போன மாசம் அவரு மீனை விட்டுட்டு முருங்கைக்காய் யாவாரம் ஆரம்பிச்சாரு. அதே சைக்கிள், அதே ஹாரன். பூனையளும் விடாம வந்துச்சு. ஒம்பது நாள் வந்துச்சு சார். நான் எண்ணுனேன். அப்புறம் ஒண்ணொண்ணாக் கொறஞ்சு, பதிமூணாம் நாள் ஒத்தப் பூனை இல்ல."

சார் நோட்டைத் திறந்தார். "ஒம்பது நாளா, பத்து நாளா? சரியாச் சொல்லும்."

"ஒம்பது சார்."

அவர் எழுதினார். என் வாய்ச்சொல் ஒரு பேராசிரியர் நோட்டில் ஏறியது! பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "சோறு வராம மணி மட்டும் அடிச்சா பழக்கம் அணைஞ்சு போகும்னு அடுத்த வாரம் நடத்த இருந்தேன். அதை இவரு தெருவுல நின்னே பார்த்துட்டாரு" என்றார். முதல் பெஞ்சில் இருந்த ஆயிஷா திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த பாடம்தான் என் பாடம். மணி அடித்தால் எச்சில் தானாக ஊறுகிறது. அதில் நாய்க்கு வேலை இல்லை. இன்னொரு வகை இருக்கிறது. மிருகம் தானே ஒன்றைச் செய்கிறது, பலன் கிடைக்கிறது, மறுபடி செய்கிறது. இது செயல்படு ஆக்கநிலையிறுத்தம். நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான்: முதலாவது ஊறி நிற்பது, இரண்டாவது செய்து வாங்குவது. அமெரிக்காவில் ஒருத்தர் எலியைப் பெட்டியில் விட்டு, லீவரை அமுக்கினால் தீனி விழுகிற மாதிரி செய்தாராம். சார் புத்தகத்தில் படம் காட்டினார். "இதை வெளியூர்ல இருந்து வரவழைக்க நம்மளால முடியாது. படத்தைப் பாத்தே படிச்சுக்கிடுங்க" என்றார்.

படம்! நான் அந்தப் புத்தகத்தைக் கடன் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். இங்கிலீஷ் எழுத்து ஒன்று தெரியாது. படம் போதும்.

மளிகைக்கடையில் சில்லறை பிஸ்கட் போட்டு வைக்கிற சதுர டின் தெரியும் அல்லவா, ஒரு பக்கம் கண்ணாடி வைத்தது? அதுதான் பெட்டி. சைக்கிள் மணியில் கட்டைவிரலால் தட்டுகிற கட்டை, அதுதான் லீவர். அடியில் ஒரு மெல்லிய ஸ்பிரிங். லீவர் அமுங்கினால் இரண்டு கம்பி தொடும், டார்ச் பல்பு எரியும், பழைய காலிங்பெல்லின் கம்பிச்சுருள் 'டிக்' என்று ஒரு தகட்டை இழுக்கும், குழாயிலிருந்து உடைத்த பொரிகடலை ஒரு துண்டு கிண்ணத்தில் விழும். சொல்ல ரொம்ப எளிது. ஒரு துண்டு விழ வேண்டிய இடத்தில் ஒன்பது துண்டு விழுந்தது. பிறகு ஒன்றுமே விழவில்லை. பதினேழு தகடு வெட்டினேன். பதினெட்டாவது தகட்டில் ஒரு டிக்குக்கு ஒரு துண்டு. சார் வந்து பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். ஐம்பது தடவை அமுக்கிக் காட்டினேன். ஐம்பது டிக், ஐம்பது துண்டு.

நான்கு வெள்ளை எலிகள் ரயிலில் வந்தன. பெயர் வைக்கக் கூடாது, நம்பர்தான் என்று சார் உத்தரவு. பழக்கும் முறையைச் சொல்கிறேன், திரை எலியைப் பழக்குகிற பிள்ளைகள் கவனிக்கட்டும். முந்தின நாள் சாயங்காலமே தீனியை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டில் இருக்கலாம். காலையில் தராசில் நிறுக்க வேண்டும். எடை ரொம்ப இறங்கினால் அன்றைக்குப் பாடம் இல்லை, சோறுதான். பெட்டிக்குள் விட்டால் முதலில் மூலையில் பதுங்கும். விட்டுவிட வேண்டும். பயம் தெளிந்து சுற்ற ஆரம்பித்ததும், பெட்டிக்கு வெளியே நமக்கென்று வைத்த பொத்தானை அமுக்கிச் சும்மாவே டிக், ஒரு துண்டு. டிக், ஒரு துண்டு. டிக் சத்தம் கேட்டால் கிண்ணத்துக்கு ஓடும்வரை இதுதான். அதன்பிறகு லீவர் பக்கம் தலை திரும்பினாலே ஒரு துண்டு. பிறகு தலை திரும்பினால் கிடையாது, கிட்டே போக வேண்டும். பிறகு கால் வைக்க வேண்டும். பிறகு அமுக்கினால்தான். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் கீழே விழுந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. மூன்றாம் நம்பர் ரொம்பக் கெட்டிக்காரி. மூன்றாம் நாள், நான் பொத்தானைத் தொடுமுன்னமே கிண்ணத்துக்கு ஓடினாள். சார் மூன்று நாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், எலியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் அமுக்குததுக்கு முன்ன நீரு தொண்டையைச் செருமுதீரு வே! அது டிக்கைப் படிக்கல, உம்ம தொண்டையைப் படிச்சிருக்கு!"

செருமிக் காட்டினேன். ஓடினாள். மறுபடி செருமினேன். மறுபடி ஓடினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செய்து வாங்குகிற பெட்டிக்குள் ஊறி நிற்கிற பாடமும் நடந்துவிட்டது! அன்றைக்குத்தான் பெட்டிக்கும் எனக்கும் நடுவில் கறுப்புத் துணித் திரை கட்டினேன். வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டேன், செருமல் வராமல் இருக்க. பத்தாம் நாள் மூன்றாம் நம்பர் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவை லீவரை அமுக்கினாள். பெட்டி டிக் டிக் டிக் என்று தையல் மிஷின் மாதிரி ஓடியது.

இப்போது அந்தப் பெரிய நாளுக்கு வருகிறேன்.

துறைக்கு நிரந்தர அங்கீகாரம் கொடுக்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகக் கமிஷன் வருவதாகக் கடிதம் வந்தது. "ஆய்வகம் திருப்தியில்லைன்னா துறையை மூடிருவாங்க. இந்த நாப்பது பிள்ளையளும் வேற படிப்புக்குப் போய் முதல் வருஷத்துல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார் சார். அப்போது அவர் பேனா கையில் இல்லை. பயந்திருக்கிறார் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன். என் கருவிகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். நடுநாயகம் லீவர் பெட்டி. கமிஷன் முன்னால் மூன்றாம் நம்பர் அமுக்கிக் காட்ட வேண்டும். ஆயிஷா ஸ்டாப்வாட்ச் பிடித்து விளக்க வேண்டும்.

கமிஷன் வந்த நாள், விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். ஏழு மணிக்கு எலிகளைத் தராசில் நிறுத்தேன். நல்ல பசி, நல்ல எடை. பிறகு முதல்வர் அறைக்கு நாற்காலி தூக்கக் கூப்பிட்டார்கள், போனேன். பத்து மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் நாலு எலியும் வயிறு உருண்டு பக்கவாட்டில் சரிந்து கிடக்கின்றன. செத்துவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. தொட்டால் மூச்சு வருகிறது. கூண்டு மூலையில் வெள்ளையாக ஏதோ துணுக்கு. எடுத்துப் பார்த்தேன். கொழுக்கட்டை!

துப்புரவு செய்கிற இசக்கியம்மாள் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏளா, நீயா போட்ட?"

"ஆமா அண்ணாச்சி. பிள்ளையார் வாகனம்லா! நாளும் கிழமையுமாப் பட்டினி போட்டு வச்சிருக்கிய. ஒரு இனிப்பு, ஒரு உப்பு, பிட்டுப் பிட்டுப் போட்டேன். என்னமாத் தின்னுச்சு தெரியுமா! உடன்குடிக் கருப்பட்டி போட்டது."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு இருக்கும். பெரிய ஆளுக வாராகன்னு தண்ணி பாட்டிலையும் எடுத்துச் சாம்பல் போட்டுத் தேச்சு வெயில்ல வச்சிருக்கேன். நல்லதுதான செஞ்சேன்?"

அவளைத் திட்ட வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. எங்கள் ஊரில் சதுர்த்திக்கு எலியைப் பட்டினி போடச் சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்? மூன்றாம் நம்பரைப் பெட்டிக்குள் விட்டேன். டிக் அடித்தேன், பொரிகடலை விழுந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. காதைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தாள். திரும்பக் கூண்டிலேயே விட்டேன்.

சார் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பதினொண்ணுக்கு வாராங்க வே. முடிஞ்சுது" என்றார். ஆயிஷா வாசலில் நின்று அழுதுவிட்டார். "சார், எங்க வீட்டுல இந்த ஒரு வருஷத்துக்கே நான் கெஞ்சுன பிறகுதான் அனுப்புனாங்க. மறுபடி முதல் வருஷம்னா என்னை அனுப்ப மாட்டாங்க" என்றார்.

காய்ந்த பாட்டில்களை எடுத்துவந்து மாட்டப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். மூன்றாம் நம்பர் கூண்டில் பாட்டில் மாட்டுகிற வெறும் கம்பியை நக்கிக்கொண்டிருந்தாள். விட்டு விட்டு நக்குகிறாள். இனிப்பும் உப்பும் வயிறு முட்டத் தின்று, ரெண்டு மணி நேரமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குள் ஒரு பல்பு எரிந்தது.

"சார்! இவளுக்குப் பசிதான் போச்சு. தாகம் இருக்கு! கடலைக்குப் பதிலாத் தண்ணி கொடுத்தா என்ன?"

சார் நிமிர்ந்தார். "கிண்ணத்துல கடலை விழுததுக்குத்தான வே தகடு வச்சிருக்கீரு? தண்ணி எப்படி விழும்?"

"டிக் சத்தம் அப்படியே இருக்கட்டும். சொட்டு நான் விடுதேன்." ஆயிஷாவிடம் பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லர் கேட்டேன். மூன்று முறை கழுவினேன், கடலையைக் கொட்டிவிட்டுக் குழாயில் சொருகினேன், மூன்றாம் நம்பரைப் பெட்டிக்குள் விட்டுத் திரைக்குப் பின்னால் குந்தினேன். டிக், ஒரு சொட்டு. மூன்றாம் நம்பர் காதைத் தூக்கினாள். டிக், ஒரு சொட்டு. ஓடி வந்து நக்கினாள். பிறகு நான் நிறுத்திவிட்டேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், சுற்றினாள், சட்டென்று லீவர் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள்! பழகின பாடம் அப்படியே இருந்தது. சார் நோட்டைத் திறந்துவிட்டார்.

பதினொன்றுக்குக் கமிஷன் வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் அலமாரியையும் பதிவேட்டையும் பார்த்தார்கள். மூன்றாவது, கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மா, நேராகப் பெட்டிக்கு வந்தார். மூன்றாம் நம்பர் அமுக்குகிறாள், நான் சொட்டு விடுகிறேன், ஆயிஷா எண்ணுகிறார். நிமிஷத்துக்குப் பதினாலு! அந்த அம்மா குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார். "தண்ணியா?" என்றார். அடுத்த நொடி திரையை விலக்கிவிட்டார். மை ஃபில்லரோடு குந்தியிருந்த நான் அகப்பட்டேன்.

"இவர் யார்?"

"அட்டெண்டர், மேடம்" என்றார் சார்.

"கையாலதான் கொடுக்கிறீங்களா? அப்ப பெட்டி வேலை செய்யலையா?"

எழுந்து நின்றேன். இங்கே பொய் சொன்னால் நாற்பது பிள்ளைகளும் போச்சு. "பெட்டி நல்லா வேலை செய்யுது அம்மா. எலிதான் சாப்பிட்டுட்டுது" என்று கொழுக்கட்டையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "வயிறு நெறஞ்சவளுக்குக் கடலை வெகுமதி இல்ல அம்மா. தொண்டை காஞ்சவளுக்குத் தண்ணிதான் வெகுமதி. எது இல்லையோ அதைக் கொடுத்தாத்தான் அமுக்குவா."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இப்போ தண்ணி கொடுக்காதீங்க. என்ன ஆகும்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

"முதல்ல முன்னைவிட வேகமா அமுக்குவா. கோவத்துல லீவரைக் கடிப்பா. அப்புறம் பைய விட்டுருவா."

ஃபில்லரை மேஜைமேல் வைத்தேன். ஆயிஷா சத்தமாக எண்ணினார். பதினாலு, இருபது, இருபத்துமூன்று! மூன்றாம் நம்பர் லீவரைக் கவ்வி இழுத்தாள். பிறகு ஒன்பது. பிறகு நாலு. பிறகு போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். "இதுக்குப் பேர் என்னம்மா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஆயிஷா அணைதல் என்றார், காரணம் சொன்னார், கேட்காமலே மீன்காரர் பூனையையும் சொன்னார். அப்போதுதான் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இவளுக்கு முதல்ல தண்ணி வையுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார்.

அங்கீகாரம் வந்தது. கடிதம் வந்த அன்று நாற்பது பிள்ளைகளும் போட்ட சத்தத்தில் ஷெட்டில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. இசக்கியம்மாள் மறுபடி கொழுக்கட்டை அவித்துக்கொண்டு வந்தாள். சார் முதல் ஆளாக எடுத்துச் சாப்பிட்டார்.

கமிஷன் அறிக்கையை சார் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். 'துறைப் பேராசிரியர் எளிய பொருள்களைக் கொண்டு உருவாக்கியுள்ள கருவிகள் பாராட்டத்தக்கவை' என்று இருந்தது. இன்னும் வாசிப்பார் என்று நின்றேன். அவர் தாளை மடித்தார்.

"என் பேரு இல்லையே சார்."

"அட்டெண்டர் பேரை அறிக்கையில போடுத வழக்கம் இல்ல வே" என்றார். அவர் திருடவில்லை. கமிஷனுக்கு எழுதிக் கொடுத்த தாளில் என்னைப் பற்றி எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பத்து தடவை சரிபார்க்கிற மனுஷன். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வழக்கத்தின் மேல்தான்.

ஆயிஷா மேடம், போன வாரம் உங்களுக்குத் தெரியாமல் துறைக்கு வந்து பார்த்தேன். என் பெட்டியைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். தூசி இல்லை, சந்தோஷம். பக்கத்தில் ஒரு அட்டை: 'பேராசிரியர் சங்கரலிங்கம் வடிவமைத்த லீவர் பெட்டி.' பார்த்துவிட்டு வாட்ச்மேனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

சார் வகுப்பில் சொன்னது ஒன்று இத்தனை வருஷமாக என் மண்டைக்குள் நிற்கிறது. ருஷ்யாக்காரர் மணி அடிக்கிறதுக்கு முன்னாலேயே அவர் நாய்களுக்கு எச்சில் ஊறிக்கொண்டிருந்ததாம். தினமும் சோறு கொண்டுவருகிற ஆளின் காலடிச் சத்தம் கேட்டு ஊறியதாம். அதைப் பார்த்த பிறகுதான் மற்ற ஆராய்ச்சியெல்லாம். அந்த ஆளின் பெயர் என்ன என்று நான் கேட்டேன். புத்தகத்தில் இல்லை என்றார் சார். ருஷ்யாவில் விட்டுப்போனதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. பாளையங்கோட்டையில் விட்டுப்போகக் கூடாது.

ஆகவே அட்டையை மாற்றுங்கள். எழுத வேண்டியதையும் நானே தருகிறேன்: 'இந்தப் பெட்டியைச் செய்தவர் பேச்சிமுத்து. இதை வைத்துப் பாடம் நடத்தியவர் பேராசிரியர் சங்கரலிங்கம்.' என் பெயரை மேலே போடச் சங்கடமாக இருந்தால் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், ஆனால் ஒரே அளவு எழுத்தில். நீங்கள் அன்றைக்கு அந்த அறையில் நின்று எண்ணியவர். உங்களைத் தவிர வேறு யாரிடம் போய் நான் இதைக் கேட்பது?

மலர் அச்சாகிற அன்று வருவேன். முதலில் அலமாரியைத்தான் பார்ப்பேன்.